கடைசியாக நினைக்கப்பட்ட கன்சோல்: ஒரு போர்ட் பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சுமார் இருபது பேர் வேலை செய்த ஒரு சிறிய ஸ்டுடியோ, கணினிக்கும் இரண்டு பெரிய கன்சோல்களுக்குமாக ஒரு முப்பரிமாணச் சாகச கேமை உருவாக்கியது. அதையே, நினைவகமும் கிராபிக்ஸ் திறனும் அவற்றைவிடக் குறைந்த மூன்றாவது கன்சோல் ஒன்றுக்குக் கொண்டு சென்றபோது (இப்படி வேறு கருவிக்கு மாற்றுவதையே போர்ட் என்கிறோம்) நடந்தவை இங்கே பதிவு செய்யப்படுகின்றன. அந்த மூன்றாவது கருவியைத் தொலைக்காட்சியோடு இணைத்தும் ஆடலாம், கையில் வைத்துக்கொண்டும் ஆடலாம். ஸ்டுடியோ, வெளியீட்டாளர், கன்சோல் ஆகியவற்றின் பெயர்களை விட்டுவிட்டேன். போர்ட் குழுவின் மூத்த நிரலாளராக நான் இருந்ததால், கீழே வரும் முடிவுகளில் சரிபாதிக்கு என் பொறுப்பும் உண்டு.

வெளியீட்டாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மூன்றாவது கன்சோலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: மற்ற பதிப்புகள் வெளிவந்த பிறகு இதற்கும் ஒரு பதிப்பு தரப்பட வேண்டும். அதற்கெனத் தனி ஆளோ தனிக் காலமோ ஒதுக்கப்படவில்லை. அந்தக் கருவிக்கான டெவ் கிட், அதாவது உருவாக்குவோர் கேமைச் சோதித்துப் பார்க்கப் பயன்படுத்தும் சிறப்புக் கன்சோல், இரண்டு வந்து சேர்ந்தபோது மூல கேம் முடிய இரண்டு மாதமே பாக்கி இருந்தது. அதாவது, நகரத்தை வரைந்தவரும், சண்டைக் காட்சிகளை வடிவமைத்தவரும், வசனப் பெட்டிகளை அமைத்தவரும் தங்கள் வேலையை அந்தத் திரையில் ஒருமுறைகூடப் பார்க்காமலேயே முடித்துவிட்டார்கள். இது தவறு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் பயன்படுத்திய கேம் எஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அந்தக் கன்சோலையும் ஆதரிப்பதாகச் சொல்லியிருந்ததால், அமைப்புகளில் ஓர் இலக்கை மாற்றி, டெக்ஸ்சர்களின் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்களின்) அளவைக் குறைத்தால் போதும் என்றே எல்லோரும் நினைத்தோம்.

மூல கேம் வெளியாகி ஓரளவு நல்ல பெயர் வாங்கிய பிறகு, மூன்று நிரலாளர்களும் ஓர் ஓவியரும் கொண்ட போர்ட் குழு அமைந்தது. எங்களுக்குத் தரப்பட்ட காலம் ஐந்து மாதம்.

முதல் மூன்று வாரங்களில் கண்டவை

முதல் நாள் கேம் தொடக்கத் திரையைத் தாண்டவே இல்லை. நகரப் பகுதியை ஏற்றும்போதே நினைவகம் தீர்ந்துபோயிற்று. கணினியில் நினைவகம் போதாவிட்டால் இயங்குதளம் சேமிப்பகத்தின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்திச் சமாளித்துவிடும். கன்சோலில் அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது, ஒதுக்கிய அளவைத் தாண்டிய கணமே கேம் நின்றுவிடும். டெக்ஸ்சர்களைப் பாதியாகக் குறைத்து ஒருவாறு உள்ளே நுழைந்த பிறகு இன்னொரு கோளாறு வெளிப்பட்டது. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடிவிட்டு நகரிலிருந்து குகைக்குள் நுழைந்தால் கேம் நின்றது. நேரடியாகக் குகையில் தொடங்கினால் நிற்கவில்லை. நினைவகத்தில் மொத்தமாகப் பார்த்தால் காலி இடம் இருந்தது. ஆனால் அது சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்ததால், குகைக்குத் தேவையான பெரிய டெக்ஸ்சர் ஒன்றை வைக்கத் தொடர்ச்சியான இடம் கிடைக்கவில்லை. இந்தப் பிழை மூல கேமிலும் முதல் நாளிலிருந்தே இருந்தது. அங்கே நினைவகம் தாராளமாக இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

எழுத்தின் அளவு அடுத்த சிக்கல். வசனங்கள் பெரிய தொலைக்காட்சிக்காக அமைக்கப்பட்டவை. கையில் வைத்துப் பார்த்தால் கண்ணை இடுக்கித்தான் படிக்க முடிந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் நீளமான சொற்கள் வரும் மொழிகளில் வசனம் பெட்டியை மீறி வெளியே வழிந்தது.

மழைக் காட்சி

எங்களுக்கு அதிகம் கற்றுத்தந்தது சந்தைச் சதுக்கத்தில் பெய்யும் மழைதான். நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 முறை புதிதாக வரையப்படும் திரைப்படம், வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமும் 33.3 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும். மழை பெய்யும் சந்தையில் எங்களுக்கு 58 மில்லி நொடி ஆனது. செயலிதான் தடுமாறுகிறது என்று நிரலாளர்கள் மூவரும் முடிவு கட்டி, கூட்டத்தில் நடமாடும் மனிதர்களின் வழித்தேடல் நிரலைச் செதுக்குவதில் ஒரு வாரத்தைச் செலவிட்டோம். மிச்சமானது 3 மில்லி நொடி.

ஓவியர் வேறு வழியில் போனார். டெவ் கிட்டின் முன் உட்கார்ந்து, காட்சியில் உள்ள விளைவுகளை ஒவ்வொன்றாக அணைத்து, அணைத்தபோதெல்லாம் ஃபிரேம் நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். நிழல், விளக்கொளி, புகை என்று இறங்கி வந்த பட்டியலில் மழை என்ற வரிக்கு எதிரே 14 என்று எழுதியிருந்தது. மழை என்பது திரை முழுவதையும் மூடும் ஒளி ஊடுருவும் படலங்களாகச் செய்யப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட படலம் ஒவ்வொன்றும், அடியில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தைப் படித்து, தன் நிறத்தைக் கலந்து, மீண்டும் நினைவகத்தில் எழுத வேண்டும். எட்டுப் படலம் இருந்தால் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் இந்த வேலை எட்டு முறை நடக்கும். கிராபிக்ஸ் சிப்புக்குக் கணக்குப் போடும் திறன் இருந்தது. நினைவகத்துக்கும் அதற்கும் இடையே ஒரு நொடியில் போய்வரக்கூடிய தரவின் அளவுதான் போதவில்லை. பெரிய கன்சோல்களில் அந்தப் பாதை பல மடங்கு அகலம் என்பதால் அங்கே எட்டுப் படலம் பாரமாகத் தெரியவில்லை.

அந்தப் படலங்களின் கோப்பு வரலாற்றையும் ஓவியரே தேடிப் பார்த்தார். எட்டில் மூன்று, விளம்பர முன்னோட்டக் காட்சிக்காகச் சேர்க்கப்பட்டு, பிறகு எடுக்க மறந்துபோனவை. அவற்றை நீக்கி, மீதியை அகலத்திலும் உயரத்திலும் பாதியான அளவில் வரைந்து விரித்தபோது மழைக்கான நேரம் 4 மில்லி நொடியாகக் குறைந்தது. இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துக் காட்டியபோது, மழையை வடிவமைத்தவருக்கே வேறுபாடு தெரியவில்லை. டெவ் கிட் இரண்டு ஆண்டுக்கு முன்பே அவர் மேசையில் இருந்திருந்தால் அந்தப் படலங்கள் உருவாகியே இருக்காது என்று அன்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

நான்காவது வாரக் கூட்டம்

நான்காவது வாரம் வெளியீட்டாளரின் பிரதிநிதியோடு கூட்டம் நடந்தது. அவர் சொன்னது இதுதான்: இந்தக் கன்சோல் வலுக்குறைந்தது, இதை வாங்குவோர் கன்சோல் நிறுவனத்தின் சொந்த கேம்களுக்காகவே வாங்குகிறார்கள், வெளியாரின் கேம் இங்கே எப்படியும் சுமாராகத்தான் விற்கும், எனவே செலவைக் குறைத்து விரைவில் முடிப்பதே புத்திசாலித்தனம். இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காரணத்தையும் விளைவையும் அது இடம் மாற்றி வைக்கிறது என்பது என் கருத்து. அதை விளக்க, பழைய கன்சோல்களின் வரலாற்றைத் தொகுத்து ஒரு குறிப்பு எழுதிக் கொண்டு போயிருந்தேன்.

1996-இல் வந்த நின்டெண்டோ 64 திறனில் பின்தங்கிய கருவி அன்று. ஆனால் கேமைச் சிப்பில் பதித்துத் தரும் கார்ட்ரிட்ஜை அது விடவில்லை. அதன் மிகப் பெரிய கார்ட்ரிட்ஜில் 64 எம்பி அடங்கும். சோனியின் பிளேஸ்டேஷன் பயன்படுத்திய குறுந்தகட்டில் சுமார் 650 எம்பி. கார்ட்ரிட்ஜைத் தயாரிக்கச் செலவும் நாளும் அதிகம் என்பதால், விற்குமா என்று தெரியும் முன்பே வெளி நிறுவனம் பெருந்தொகையை முடக்க வேண்டியிருந்தது. ஃபைனல் ஃபேன்டசி வரிசையை அதுவரை நின்டெண்டோ கருவிகளில் வெளியிட்டு வந்த ஸ்கொயர், 1997-இல் அதன் ஏழாம் பாகத்தை மூன்று குறுந்தகடுகளில் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டு போயிற்று. சேகா சாட்டர்னின் கதை வேறு. அமெரிக்காவில் 1995 செப்டம்பரில் வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்த அந்தக் கருவி மே மாதமே திடீரென்று விற்பனைக்கு வந்தது. செப்டம்பரைக் கணக்கிட்டு வேலை செய்துகொண்டிருந்த வெளி நிறுவனங்களிடம் கடைக்கு அனுப்ப கேமே இல்லை. அதில் இருந்த இரண்டு எஸ்எச்-2 செயலிகளை ஒருசேர வேலை வாங்குவதும் எளிதாக இல்லை.

பிளேஸ்டேஷன் 3 எங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. 2006-இல் வந்த அதன் செல் செயலியில், ஒரு பொதுக் கருவோடு (கரு என்பது செயலிக்குள் தனித்துக் கணக்கிடும் பகுதி), கேம்கள் பயன்படுத்த ஆறு துணைக் கருக்கள் இருந்தன. அந்தத் துணைக் கரு ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 256 கேபி நினைவகம் மட்டுமே உண்டு. தேவையான தரவை அதற்குள் கொண்டுவந்து, முடிந்ததை வெளியே அனுப்பும் வேலையை நிரலாளரே திட்டமிட்டுச் செய்ய வேண்டும். முதன்மை நினைவகமும் 256 எம்பி, 256 எம்பி என இரண்டாகப் பிரிந்திருந்தது. போட்டிக் கருவியான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-இல் அதே 512 எம்பி ஒரே தொகுப்பாக இருந்தது. பல வெளி நிறுவனங்கள் எளிதான கருவியில் கேமை உருவாக்கிவிட்டுப் பிறகு சோனியின் கருவிக்கு மாற்றியதால், கணக்கில் வலிமை மிக்க கருவியிலேயே பல கேம்கள் மோசமாக ஓடின. சோனியின் சொந்த ஸ்டுடியோக்களும், அந்தக் கருவியை அடிப்படையாகக் கொண்டு தொடங்கிய மற்றவர்களும் அதே செல் செயலியிலிருந்து வியக்கத்தக்க வேலை வாங்கினார்கள். 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, கணினிகளில் உள்ள வகைச் செயலியும் 8 ஜிபி ஒற்றை நினைவகமும் அதில் இருந்ததற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

நின்டெண்டோவின் வீ யூ கன்சோலைப் பற்றித்தான் கூட்டத்தில் அதிக நேரம் பேசினோம். 2011-இல் அதை அறிமுகப்படுத்திய மேடையில் கேம் வெளியீட்டாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், நின்டெண்டோவோடு "இதுவரை இல்லாத கூட்டணி" என்று அறிவித்தது. 2013-இல் அந்தக் கருவிக்கு அதனிடம் ஒரு கேம்கூடத் தயாரிப்பில் இல்லை. இடையில் நடந்தவற்றுள் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 2012 நவம்பரில் அந்நிறுவனம் மாஸ் எஃபெக்ட் வரிசையின் மூன்றாம் பாகத்தை மட்டும் வீ யூவில் வெளியிட்டது. அதே மாதம் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மூன்று பாகங்களும் சேர்ந்த தொகுப்பு ஏறத்தாழ அதே விலைக்கு வந்தது. முதலிரண்டு பாகங்களை ஆடாதவர் மூன்றாவதை ஏன் வாங்குவார்? ஆடியவரிடம் வேறு கன்சோல் ஏற்கெனவே இருக்கும். வீ யூ மொத்தமே 1.356 கோடிதான் விற்றது என்பதையும் மறைக்கவில்லை; சிறிய சந்தையில் தயக்கம் இயல்புதான். ஆனால் அப்படி ஒரு பதிப்பை விற்றுப் பார்த்துவிட்டு இங்கே வெளியார் கேம் விற்காது என்று தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

மறுபுறச் சான்றும் குறிப்பில் இருந்தது. வீ யூவுக்கு முந்தைய வீ, 10 கோடிக்கு மேல் விற்றும், மற்ற கன்சோல்களில் வந்த பெரிய கேம்கள் பலவும் அதற்கு வரவே இல்லை. அதே வீயில், அதன் அசைவுக் கட்டுப்படுத்தியையே அடிப்படையாக வைத்து யூபிசாஃப்ட் 2009-இல் தொடங்கிய ஜஸ்ட் டான்ஸ் அமோகமாக விற்றது. கன்சோலின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன பின்னும் அதற்குப் புதிய பாகங்கள் வந்துகொண்டிருந்தன. அதுவும் வெளியார் கேம்தான்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பிரதிநிதி குறிப்பை மதித்துக் கேட்டார். இரண்டு மாதம் கூடுதலாகத் தந்தார். மற்றவற்றை மாற்ற மறுத்தார். அந்த வரம்புக்குள் நாங்கள் எடுத்த முடிவுகளில், நகரத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்து இடையில் குறுகிய சந்து ஒன்றை வைத்ததுதான் பெரியது. வீரர் சந்தில் நடக்கும் நேரத்தில் பழைய பகுதி நினைவகத்திலிருந்து நீங்கி, புதியது ஏறும். இதனால் இரண்டு பக்கக் கதைகளின் பாதையை மாற்ற வேண்டி வந்தது. மூல வடிவமைப்பாளர் மனவருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். நினைவகம் சிதறாதிருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் முன்கூட்டியே ஒரு பெரிய துண்டை ஒதுக்கி, பகுதி மாறும்போது அதை முழுவதுமாகக் காலி செய்தோம். நெருக்கடியான காட்சிகளில் திரைத் தெளிவு தானாகக் குறையும்படி அமைத்தோம். எழுத்துப் பெட்டிகளைக் கைத்திரைக்கெனத் தனியாக மறுவடிவமைத்தோம்.

கடையில் விற்கும் பிரதியைப் பொறுத்தவரை, கேம் முழுவதும் அடங்கும் கார்டு விலை அதிகம் என்பதால், சிறிய கார்டில் ஒரு பகுதியை வைத்து, மீதியைப் பதிவிறக்கச் சொல்வதென்று வெளியீட்டாளர் தீர்மானித்தார். கார்ட்ரிட்ஜ் காலத்துக் கணக்கு புதிய உருவில் திரும்பி வந்ததைப் பார்த்தும் நான் அப்போது வற்புறுத்தி மறுக்கவில்லை. அது என் பிழை.

சான்றிதழ் சோதனை

எந்தக் கன்சோலுக்கும் கேமை வெளியிடும் முன் அந்தக் கன்சோல் நிறுவனம் தன் விதிகளின்படி சோதித்துச் சான்று தர வேண்டும். முதல் முறை எங்கள் கேம் தேறவில்லை. குறிக்கப்பட்ட பிழைகளில் ஒன்று கடுமையானது: கேம் தானாகச் சேமித்துக்கொண்டிருக்கும் கணத்தில் வீரர் உறக்கப் பொத்தானை அழுத்திவிட்டு, கருவியின் மின்கலம் தீர்ந்த பிறகு மீண்டும் இயக்கினால், சேமிப்புக் கோப்பு சிதைந்துபோயிருந்தது. எங்கள் நிரல் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்து ஆடும் கருவியில் அந்த இரண்டு நொடிக்குள் மின்சாரம் போவது அரிது. பேருந்திலும் படுக்கையிலும் ஆடப்படும் கருவியில் அது அன்றாடம் நடக்கக்கூடியது. புதிய கோப்பை வேறு பெயரில் முழுவதும் எழுதி, சரிபார்த்து, அதன்பின் பழையதற்குப் பதிலாக வைக்கும்படி மாற்றினோம். மாற்றம் சிறியது. ஆனால் மறுசோதனைக்கு வரிசையில் காத்திருந்ததில், அறிவித்த தேதி கைநழுவிப் போயிற்று.

சான்றிதழ் விதிகளைப் பற்றி வெளி ஸ்டுடியோக்களில் கசப்பான பேச்சு வழக்கமாக உண்டு. இந்தப் பிழையைப் பொறுத்தவரை சோதித்தவர்கள் எங்களைக் காப்பாற்றினார்கள் என்றே சொல்வேன்.

வெளியீடு

மற்ற பதிப்புகள் வந்து ஒன்பது மாதம் கழித்து கேம் வெளியானது. தள்ளிப்போன தேதி, கன்சோல் நிறுவனம் தன் சொந்தப் பெரிய கேம் ஒன்றை வெளியிட்ட அதே வாரத்தில் போய் விழுந்தது. விலை முழு விலை. அந்த நேரத்தில் மற்ற கருவிகளுக்கான கடைகளில் இதே கேம் பாதி விலைக்குக் கிடைத்தது. விமர்சனங்களில் ஃபிரேம் வேகம் சீராக இருப்பதாகவும், படம் சில இடங்களில் மங்கலாக இருப்பதாகவும் எழுதினார்கள். வாங்கியவர்களின் புகார்களில் அடிக்கடி வந்தவை இரண்டு: கார்டு வாங்கியும் பதிவிறக்க வேண்டியிருக்கிறது என்பதும், விலையும். விற்பனை வெளியீட்டாளரின் குறைந்த எதிர்பார்ப்பைக்கூடத் தொடவில்லை.

அந்தக் கன்சோலில் வெளியார் கேம் விற்காது என்ற அவரது கருத்து உறுதிப்பட்டுவிட்டது. தாமதம், விலை, மங்கல், போட்டி, கார்டு ஆகியவற்றில் எது எவ்வளவு பாதித்தது என்று எங்களிடமிருந்த தகவலைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: வாங்கியவர்களில் கேமை இறுதிவரை முடித்தவர்களின் விகிதம் மற்ற பதிப்புகளைவிட அதிகமாக இருந்தது. அந்தக் கருவி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் கேம் பிடிக்காமல் போகவில்லை.

அடுத்த கேமில் செய்த மாற்றம்

இரண்டாவது கேமை ஸ்டுடியோ சொந்தப் பொறுப்பில் தொடங்கியது. வலுக்குறைந்த அந்தக் கன்சோலே அடிப்படைக் கருவி என்று முதல் நாளே முடிவானது. ஓவியர்கள் இருவர் மேசையிலும் டெவ் கிட் வைக்கப்பட்டது. ஒவ்வொரு நாளும் மாலையில் உருவாகும் பதிப்பு அதில் ஓடியாக வேண்டும். ஒளி ஊடுருவும் படலங்களுக்கு ஒரு காட்சிக்கு இத்தனை மில்லி நொடி என்று வரம்பு வகுக்கப்பட்டது. எல்லாப் பதிப்புகளும் ஒரே நாளில், ஒரே விலையில் வந்தன. அந்தக் கன்சோலின் விற்பனை நான்கு பதிப்புகளில் இரண்டாவது இடத்தைப் பிடித்தது.

இதற்கு விலையும் கொடுத்தோம். நூற்றுக்கணக்கானோர் திரளும் திருவிழாக் காட்சி ஒன்றை எழுத்தாளர் மிக ஆசைப்பட்டு எழுதியிருந்தார். அதைக் கைவிட வேண்டியதாயிற்று. பெரிய கன்சோல் பதிப்புகளைப் பார்த்த சிலர் படம் எளிமையாக இருப்பதாகச் சொன்னார்கள், அதில் நியாயம் உண்டு. எல்லாக் கேமுக்கும் இந்த வழி ஒத்துவராது. பால்டர்ஸ் கேட் 3 கேமின் எக்ஸ்பாக்ஸ் பதிப்பு, 10 ஜிபி நினைவகம் கொண்ட சிறிய எக்ஸ்பாக்ஸான சீரிஸ் எஸ்-இல் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியை ஓட வைக்க முடியாததால் தாமதமாகி, 2023 டிசம்பரில் அந்த வசதியை அக்கருவியில் மட்டும் விட்டுவிட்டு வெளிவந்தது. அவ்வளவு பெரிய கேமைச் சிறிய கருவியை அடிப்படையாக வைத்துத் தொடங்கியிருந்தால் அது அந்தக் கேமாகவே இருந்திருக்காது.

மீண்டும் செய்தால் மாற்றுபவை

டெவ் கிட் கைக்கு வரும்வரை அந்தக் கருவிக்கு எந்தத் தேதியையும் ஒப்பந்தத்தில் ஏற்க மாட்டேன். சேமிப்பு நிரலை, எந்தக் கணத்திலும் மின்சாரம் போகலாம் என்று கொண்டு முதலிலேயே எழுதுவேன். பல மணி நேரம் தொடர்ந்து ஓடவிடும் சோதனையை நினைவகம் மிகக் குறைந்த கருவியில் வாரந்தோறும் நடத்துவேன். செயலியில்தான் சிக்கல் என்று ஊகித்து ஒரு வாரத்தை இழப்பதற்குப் பதிலாக, ஓவியர் செய்ததுபோல ஒவ்வொன்றாக அணைத்து அளந்து பார்ப்பேன். தாமதமாக வரும் பதிப்புக்கு, அன்று மற்ற கடைகளில் உள்ள விலையையே வைக்க வேண்டுமென்று வெளியீட்டாளரிடம் எழுத்தில் கேட்பேன்.

முதல் கேமை அந்தக் கன்சோலில் வெளியிட்டிருக்கவே கூடாதா என்ற கேள்வியில் எங்கள் குழு இன்னும் ஒருமனப்படவில்லை. அந்த ஏழு மாதப் பாடம் இல்லாமல் இரண்டாவது கேம் வந்திருக்காது என்கிறார் ஓவியர். வெளியிடாமல் விட்டிருந்தால், முழு விலை கொடுத்து மங்கலான படத்தையும் பாதி கார்டையும் பெற்றவர்கள் எங்கள் பெயரை அப்படி அறிந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். இரண்டாவது கேமின் விமர்சனங்களில், போன முறை ஏமாந்தோம் என்று தொடங்குபவை இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.